மார்த்தாண்டத்தில் பனி கொட்டுமா?

கேள்வி: "இந்த வருடம் குளிர் கடுமையாக இருக்கும், தென்மாவட்ட மலைகளில் பனிப்பொழிவுகூட வரலாம் என்று செல்போனில் தகவல் சுற்றுகிறது. ஊட்டியும் மூணாறும் வெள்ளையாகக் கிடக்கிற படங்களும் வருகின்றன. எங்கள் ஊரில் வானிலையைக் கவனிக்கும் இளைஞர்கள் சிலர், பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள மலையில் ஒரு நாளாவது பனி விழும் என்று காத்திருக்கிறார்கள். அப்படி நடக்க வாய்ப்பு உண்டா? நடந்தால் ரப்பரும் தேனீப் பெட்டிகளும் என்ன ஆகும்? எனக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பரும் இருபது பெட்டியும் இருக்கின்றன."

– மார்த்தாண்டம் பகுதி வாசகர்

பதில்: மார்த்தாண்டத்தில் பனிப்பொழிவு வராது. பேச்சிப்பாறையிலும் வராது, பாலமோரிலும் வராது. மாவட்டத்தை ஒட்டி நிற்கிற எந்த மலை உச்சியிலும் வராது. ரப்பர் கிளைமேல் வெள்ளைப் பனி குவிந்து கிளை முறியுமோ என்ற கவலையை விட்டுவிடலாம். ஆனால் கேள்வியின் பின்பாதி அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. ரப்பருக்கும் தேனீக்கும் பனியால் கேடு உண்டு. ஆண்டுதோறும் வருகிற கேடுதான் அது. அந்தப் பனி வேறு.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. புல் நுனியில் துளியாக நிற்பதும் பனி. குழித்துறை ஆற்றோரம் விடியற்காலையில் புகை மாதிரி படர்வதும் பனி. ஊட்டியில் புல்தரையை வெள்ளையாக்குவதும் பனி. இமயமலையில் வானத்திலிருந்து பஞ்சாக உதிர்வதும் பனி. எழுதும்போது பனித்துளி, மூடுபனி, உறைபனி, பனிப்பொழிவு என்று பிரித்து எழுதுகிறார்கள். பேசும்போது எல்லாம் ஒரே பனிதான். களியக்காவிளையைத் தாண்டினாலும் இதே கதை. மலையாளத்தில் 'மஞ்ஞு' என்ற ஒரே சொல் இவை எல்லாவற்றுக்கும் ஓடுகிறது. மூணாறில் புல் உறைந்ததைச் சொல்கிற மலையாளச் செய்தி, எல்லையைத் தாண்டித் தமிழில் இறங்கும்போது பனிப்பொழிவாக மாறிவிடுவதில் வியப்பில்லை. போதாததற்கு, டிசம்பர் வந்தால் மார்த்தாண்டம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் குடில் கட்டிப் பஞ்சைப் பிய்த்துப் பனியாகத் தூவுகிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உண்மையான பனிக்கு ஆசைப்படுவதில் தப்பு இல்லை. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் அன்று பனி விழுமா என்று பந்தயமே கட்டுகிறார்கள். அந்நாட்டு வானிலைத் துறையின் கணக்கில் அன்றைக்கு ஒரே ஒரு பனித்துகள் விழுந்தது பதிவானாலும் போதும், அது வெள்ளைக் கிறிஸ்துமஸ்தான். அந்த ஒற்றைத் துகளும் இங்கே கிடைக்காது.

ஏன் கிடைக்காது என்பதற்குக் கணக்கு எளிது. மேலே போகப் போக, 1,000 மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் காற்று குளிர்கிறது. தெற்கு முனையில் காற்றின் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரியைத் தொடுவதற்குக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 முதல் 5,000 மீட்டர் உயரம் போக வேண்டும். அகத்தியமலையின் உயரம் 1,868 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். அதாவது, அகத்தியமலைமேல் இன்னொரு அகத்தியமலையைத் தூக்கி வைத்தாலும் எட்டாது. வெயில் நாடு என்பதால் மட்டும் பனி வராமல் போவதில்லை. ஆப்பிரிக்காவில் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கிளிமஞ்சாரோ மலையின் உச்சியில் பனிக்கட்டி கிடக்கிறது. அதன் உயரம் 5,895 மீட்டர். கன்னியாகுமரிக்கு இல்லாதது அந்த உயரம்தான்.

அப்படியானால் ஊட்டியில் வெள்ளையாகக் கிடப்பது என்ன? அது வானத்திலிருந்து விழுந்தது அல்ல, தரையிலேயே உருவானது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் விலகி, காற்றும் அசையாத இரவுகளில் தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. புல்லும் மண்ணும் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்ததும், காற்றில் உள்ள ஈரம் புல்மேல் பனிக்கட்டிப் பொடியாகப் படிகிறது. அதுதான் உறைபனி. நீலகிரிக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. பருவத்தின் தொடக்கத்தில் வருவதை நீர்ப்பனி என்றும், பிறகு வருவதை உறைபனி என்றும் பிரித்தே சொல்கிறார்கள். நீர்ப்பனி தொடங்கியதுமே தேயிலைக்காரர்களும் உருளைக்கிழங்கு, கேரட் போட்டவர்களும் உஷாராகிவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று இருக்கிறது. உறைபனிக்கு மேகம் இருக்கக் கூடாது, பனிப்பொழிவுக்கு மேகம் இருந்தே தீர வேண்டும். தென்னிந்திய மலைகளில் மேகம் மூடிய இரவு என்றால், மேகமே போர்வை மாதிரி சூட்டைத் தடுத்து நிறுத்திவிடும், தரை உறைகிற அளவுக்குக் குளிராது. நன்றாகக் குளிர்கிற இரவில் மேகம் இருக்காது. குளிரும் மேகமும் ஒன்றாக வராததால்தான், உறைபனியில் பெயர்பெற்ற ஊட்டிக்காரர்களும் பனிப்பொழிவைப் பார்க்க வடக்கே ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

ஆலங்கட்டி மழையைப் பார்த்தவர்கள், அதுவும் பனிதானே என்று கேட்பதுண்டு. அது கோடை இடிமழையோடு வருவது. உயரமான இடிமேகத்துக்குள் நீர்த்துளிகள் உறைந்து, உருண்டு, கல்லாக விழுகின்றன. ஊரே சூடாக இருக்கிற பங்குனி, சித்திரையில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். குளிர்காலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

2019 ஜனவரியில் மூணாறில் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. தேயிலைத் தோட்டங்கள் விடியற்காலையில் வெள்ளை விரிப்பாகக் கிடந்தன. அதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பல நாள் தொடர்ந்த அந்த உறைபனியில் தேயிலைக் கொழுந்துகள் வெந்ததுபோல் பழுப்பாகிக் கருகின. இன்றைக்கும் செல்போனில் சுற்றுகிற 'மூணாறு பனிப்பொழிவு' படங்களில் இப்படிப்பட்ட உறைபனிப் படங்கள் நிறையக் கலந்திருக்கின்றன. படத்தில் அழகாகத் தெரிகிற அந்த வெள்ளை, தோட்டக்காரனுக்குப் பறிப்பு நின்றுபோன வாரங்கள். ஆந்திராவில் லம்பசிங்கி என்கிற மலைக் கிராமத்துக்கும் டிசம்பர், ஜனவரியில் பனி பார்க்க ஆள் திரள்கிறது. பெரும்பாலும் அவர்கள் பார்த்துவிட்டு வருவது மூடுபனிதான்.

வானிலை ஆர்வலர்களைக் குறை சொல்வதற்காக இது எழுதப்படவில்லை. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான், டெல்டாப் பகுதியில் ஆசிரியராக இருந்துகொண்டு விவசாயிகளுக்காக வானிலை சொல்லிவரும் ந. செல்வகுமார் போன்றவர்களால், மழை எப்போது, எங்கே, எவ்வளவு என்று எளிய தமிழில் கேட்டுத் திட்டமிடும் பழக்கம் கிராமங்களில் வந்திருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் ரப்பரையும் வாழையையும் சாய்த்துப் போட்டதைப் பார்த்த கன்னியாகுமரி மாவட்டத்தில், வானத்தைக் கவனிக்கிற இளைஞர்கள் இருப்பது நல்ல விஷயம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு, களியல், குழித்துறை, முள்ளங்கினாவிளை, கோழிப்போர்விளை, அடையாமடை என்று நாளிதழில் தினமும் வருகிற மழை அளவை ஒன்றுவிடாமல் படிக்கிறவர்கள் அவர்கள்தான். மழைக்காலம் முடிந்ததும் அவர்களுக்குக் கையில் வேலை இல்லாமல் போகிறது. அதனால் ஊட்டியில் இன்றைக்கு எத்தனை டிகிரி, வால்பாறையில் எத்தனை டிகிரி என்று பார்த்து, குளிர் தெற்கே இறங்குமா என்று காத்திருக்கிறார்கள். அவர்கள் காத்திருக்க வேண்டிய பனி, வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்திலேயே இறங்குகிறது.

மார்த்தாண்டம் பகுதியில் ஜனவரியின் விடியற்காலைக் குளிர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேல்தான் நிற்கும். ஊட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் உறைபனியை உண்டாக்குகிற அதே தெளிந்த, காற்றில்லாத இரவுதான் இங்கேயும் வேலை செய்கிறது. இங்கே தரை பூஜ்ஜியத்துக்குப் போகாது. காற்றிலுள்ள ஈரம் நீராக மாறுகிற அளவுக்கு மட்டும் குளிரும். இலையெல்லாம் நனையும், பள்ளங்களில் மூடுபனி கட்டும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து தாழ்வான இடத்தில் தேங்குகிறது. ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானம், தலைகுந்தா போன்ற தாழ்ந்த, திறந்த இடங்களில் உறைபனி முதலில் பிடிப்பதற்கு இதுவே காரணம். மார்த்தாண்டத்தில் ஆற்றோரத் தோட்டங்களிலும், இரண்டு மேட்டுக்கு இடையில் உள்ள ஏலாக்களை ஒட்டிய தோட்டங்களிலும் மூடுபனி ஒன்பது மணிவரை விலகாமல் நிற்பதும் இதனால்தான். ஒரே ஊரில் மேட்டு ரப்பரும் பள்ளத்து ரப்பரும் ஒரே மாதிரித் தளிர்ப்பதில்லை. ஒன்றரை ஏக்கருக்குள்ளேயே அந்த வித்தியாசம் தெரியும்.

இந்தப் பனி ஏன் முக்கியம் என்றால், ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடுவது சரியாக இந்த நேரத்தில்தான். டிசம்பரில் இலை பழுத்து உதிரத் தொடங்கும். ஜனவரி, பிப்ரவரியில் செம்பு நிறத்தில் தளிர் வரும். தளிர் முற்றிக் கரும்பச்சை ஆவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில் விடியற்காலைக் குளிரும், மூடுபனியும், இடையிடையே சிறு தூறலும் சேர்ந்தால் சாம்பல் நோய் பிடிக்கும். இளம் இலையில் மாவு தூவியதுபோல் வெள்ளைப் படலம் தெரியும். இலை சுருளும், ஓரம் கருகும், பிறகு உதிரும். உதிரும்போது இலைத் தாள் மட்டும் விழுந்து, காம்பு சில நாள் கிளையிலேயே விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நிற்கும். அந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகம் வேண்டாம். பரவலாகப் பயிரிடப்பட்டுள்ள ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 ரகமும் இந்த நோய்க்கு இடம் கொடுக்கக் கூடியதுதான். ஒருமுறை தளிர் போனால் மரம் சேமித்து வைத்த சத்தைச் செலவழித்து மறுபடி தளிர்க்க வேண்டும். அடுத்த பால்வெட்டில் அது தெரியும்.

முற்றிய இலையை இந்த நோய் உதிர்க்காது. ஆகவே மருந்துக்கான காலம் குறுகியது. தளிர் கண் விழிக்கும்போதே தொடங்க வேண்டும். இலை பாதி கொட்டிய பிறகு அடித்தால் மருந்துச் செலவுதான் மிச்சம். வளர்ந்த மரத்துக்குக் கந்தகத் தூள் தூவுவதே நெடுநாள் பரிந்துரை. நுண்ணிய கந்தகத் தூள் 70 பங்கும் டால்க் பொடி 30 பங்கும் கலந்து, ஒரு முறைக்கு எக்டருக்கு 11 முதல் 14 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை தூவ வேண்டும். ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் மூன்று முதல் ஐந்து முறை தேவைப்படலாம். விடியற்காலையில், காற்று அசையாதபோது, இலை பனியில் நனைந்திருக்கும்போது தூவினால்தான் தூள் ஒட்டும். கெடுக்க வந்த பனியே அந்த ஒரு வேலைக்கு உதவுகிறது. நாற்றங்காலுக்கும் சிறு கன்றுகளுக்கும் 80 சதவீத நனையும் கந்தகத்தை லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து தெளிக்கலாம்.

கந்தகத் தூள் எளிதில் தீப்பிடிக்கக் கூடியது. தூவுகிற இடத்தில் பீடி, சிகரெட் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் கட்டாயம். ஒன்றரை ஏக்கருக்காகத் தூவும் இயந்திரம் வாங்குவது கட்டுப்படியாகாது. பக்கத்துத் தோட்டங்களோடு சேர்ந்து, ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் மூலம் ஒரே வாரத்தில் தூவினால் கூலியும் குறையும், நோய் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் குறையும். ஒருவர் தூவி, பக்கத்துக்காரர் தூவாமல் விட்டால் பலன் பாதிதான்.

இனி தேனீ. மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற மையம் பெட்டித் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து, இந்த ஊர்ப் பெயரும் தேனும் சேர்ந்தே வழங்குகின்றன. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து பைப்புழு நோய் வந்து கூட்டம் கூட்டமாகத் தேனீக்கள் அழிந்தபோது, பலர் தொழிலையே விட்டார்கள். மீண்டு வந்தவர்களுக்குச் சோறு போடுவது பெருமளவு ரப்பர்தான். இதில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று இலைத் தாள்களும் காம்போடு சேருகிற இடத்தில் சின்னச் சின்ன மதுச் சுரப்பிகள் இருக்கின்றன. தளிர் செம்பு நிறம் மாறி இளம்பச்சையாக விரியும்போது அவற்றில் மது சுரக்கும். தை பிறந்ததிலிருந்து பங்குனிவரை தேனீ அங்கேதான் ஓடும்.

ஆக, தளிர் போனால் தேனும் போயிற்று. சாம்பல் நோய் வந்த தோட்டத்தில் இருபது பெட்டி வைத்திருப்பவர், ரப்பர்க்காரரைவிட முதலில் நஷ்டத்தைப் பார்ப்பார். நோய் வராவிட்டாலும் பனிக்கு வேறு வேலை இருக்கிறது. மூடுபனி விலகி வெயில் ஏறும்வரை தேனீ பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராது. ஒன்பது மணிவரை மூட்டம் நின்றால் வேலை நேரத்தில் நல்ல பகுதி போய்விடும். சுரந்த மதுவும் பனிநீரில் கரைந்து நீர்த்திருக்கும். அதைச் சுண்டவைக்கத் தேனீக்கு அதிக நாள் வேண்டும். இந்தப் பருவத்தில் மழை பெய்தால் மது கழுவிப் போய்விடும். 2021 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வழக்கத்துக்கு மீறிய மழை பெய்தது நினைவிருக்கும். நெல்லுக்கு ஆன சேதம் செய்தியில் வந்த அளவுக்குத் தேனுக்கு ஆன சேதம் வரவில்லை.

பனி அதிகமான பருவத்தில் அவசரப்பட்டுத் தேன் எடுப்பது தப்பு. அடையில் முக்கால் பங்கு அறைகளைத் தேனீ மெழுகால் மூடிய பிறகே சுழற்ற வேண்டும். தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மூடாத அடையில் எடுத்த நீர்த்த தேன் கலனிலேயே புளிக்கத் தொடங்கும். ரப்பர்த் தேன் சீக்கிரம் உறைவதும் இயல்பு. உறைந்ததைப் பார்த்துச் சர்க்கரை கலந்தது என்று வாங்குபவர் சந்தேகப்பட்டால், பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதில் புட்டியை வைத்துக் காட்டினால் போதும். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது.

கந்தகம் தூவுவதும் தேனீ வைப்பதும் ஒரே தோட்டத்தில் எப்படிப் பொருந்தும் என்பது அடுத்த கேள்வியாக வரும். வாசகருக்குத் தோட்டமும் பெட்டியும் சொந்தம் என்பதால் சிக்கல் குறைவு. ஆனால் இந்த வட்டாரத்தில் பெட்டிக்காரர் ஒருவர், தோட்டக்காரர் இன்னொருவர் என்பதுதான் அதிகம். முதல் இரண்டு தூவல் தளிர் செம்பு நிறத்தில் இருக்கும்போதே முடிந்துவிட்டால், அப்போது மது சுரப்பு தொடங்கியிருக்காது, தேனீக்கும் தொந்தரவு குறைவு. தாமதித்துத் தூவுகிறவர்களால்தான் தேனீயும் தூளும் ஒரே நேரத்தில் மோதுகின்றன. தூவுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், "அண்ணே, நாளைக்குக் காலம்பற தூள் அடிக்கப் போறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பெட்டிக்காரர் வாசலில் கம்பி வலை வைத்து, ஈரச்சாக்கு போட்டு, தூள் படிந்து அடங்கும்வரை சில மணி நேரம் அடைத்து வைப்பார். வெயில் ஏறுவதற்குள் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் புழுங்கிச் செத்துவிடும். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால் முறிந்த நட்புகள் ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

ஏலாவில் கும்பப்பூ நெல் போட்டவர்களுக்கும் இதே பனி கணக்கில் வரும். கதிர் வெளிவரும் நேரத்தில் இரவு குளிர்ந்து, இலை வெகுநேரம் நனைந்தே இருந்தால் குலைநோய் கழுத்தில் பிடிக்கும். பனி கட்டுகிற வயலில் மேலுரமாக யூரியாவைக் கூட்டிப் போடாமல் இருப்பது முதல் காப்பு. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் லிட்டருக்கு 5 கிராம் வீதம் முன்கூட்டியே தெளிக்கலாம். மாமரமும் இதே மாதங்களில் பூக்கிறது, அதிலும் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பார்க்க வேண்டும். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

பனிப்பொழிவு பற்றிய தகவல் சுற்றுவதை யாரும் நிறுத்த முடியாது. பசிபிக் கடல் குளிர்ந்து லா நினா வந்தால், இந்த வருடம் குளிர் கொல்லும் என்று உடனே செய்தி கிளம்புகிறது. தெற்கு மாவட்டத்துக் குளிரை அது ஒன்று மட்டும் தீர்மானிப்பதில்லை. கிழக்கிலிருந்து மேகம் வந்துகொண்டே இருந்தால் இரவு குளிராது. வானம் வெளுத்து, வறண்ட வாடைக்காற்று அடங்கி நிற்கிற சில நாட்கள் கிடைத்தால் குளிரும். அதை நாலைந்து நாளைக்கு முன்னால் சொல்ல முடியும், நாலைந்து மாதத்துக்கு முன்னால் சொல்ல முடியாது. பேச்சிப்பாறையில் இயங்கும் வேளாண் வானிலைப் பிரிவு செவ்வாய், வெள்ளி என வாரம் இருமுறை வெளியிடும் அறிக்கையில் அடுத்த ஐந்து நாள் குறைந்தபட்ச வெப்பம், ஈரப்பதம், மேகமூட்டம் எல்லாம் இருக்கும். 'மேகதூத்' செயலியிலும் தமிழில் கிடைக்கும். தளிர்க்கும் மாதத்தில் அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கந்தகம் வாங்கி வைக்கலாமா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: "எங்கள் தோட்டத்திலேயே குளிரையும் பனியையும் அளந்து எழுதிவைக்க ஆசை. என்ன கருவி வேண்டும்? செல்போன் காட்டுகிற வெப்பம் போதாதா?"

– திருவட்டாறு பகுதி வாசகி

பதில்: செல்போன் காட்டுவது தோட்டத்தின் வெப்பம் அல்ல. பெரும்பாலும் கணினி கணித்த, பரந்த பகுதிக்கான எண். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் அதில் வராது. அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டுகிற வெப்பமானி ஒன்று போதும். தரையிலிருந்து நாலடி உயரத்தில், வெயிலும் மழையும் நேரடியாகப் படாமல், காற்று மட்டும் தாராளமாகப் போகிற இடத்தில் தொங்கவிட வேண்டும். சுவரிலோ ஓட்டுக்குக் கீழோ மாட்டினால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். குறைந்தபட்ச வெப்பம் சூரியன் எழும் நேரத்தையொட்டி வரும். மழையைக் காலை எட்டரை மணிக்கு அளந்தால் அரசின் கணக்கோடு ஒப்பிடலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள பாத்திரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறதோ அதுவே மழை அளவு.

பனிக்குக் கருவியே வேண்டாம். மேட்டில் ஒரு மரம், பள்ளத்தில் ஒரு மரம் என்று இரண்டைக் குறித்துவைத்து, தினமும் காலையில் இலை எத்தனை மணிக்குக் காய்ந்தது, மூட்டம் எத்தனை மணிக்கு விலகியது என்று பழைய நாட்காட்டியின் ஓரத்தில் எழுதினால் போதும். அதோடு இலை உதிரத் தொடங்கிய தேதி, முதல் தளிர் வந்த தேதி, முதல் வெள்ளைப் படலம் கண்ட தேதி, முதல் அடை மூடிய தேதி. டிசம்பர் தொடங்கி மார்ச் வரை எழுதினால் ஒரு பருவம். மூன்று பருவம் எழுதிய நோட்டு கையில் இருந்தால், எந்தப் பக்கத்து வரிசையில் முதலில் தூவுவது என்று நாலாவது பருவத்தில் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. ஊரில் பனிக்காகக் காத்திருக்கிற வானிலை இளைஞர்களிடம் அந்த நோட்டைக் காட்டினால், அவர்களே வெப்பமானியோடு விடியற்காலை தோட்டத்துக்கு வந்து நிற்பார்கள்.